மாடு சின்னதில்லை

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னை அழைத்திருந்தீர்கள். ஓய்வு பெற்ற டாக்டரம்மா பழைய கதை நாலு சொல்லிவிட்டு, சால்வையை வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அந்த எண்ணத்தில்தான் வந்தேன். எனக்கு முன்னால் பேசிய தம்பி சுவரில் ஒரு பட்டியலைக் காட்டினார். ‘நாட்டு மாடுகளின் குறைபாடுகள்’ என்று தலைப்பு. முதல் குறைபாடு, சிறிய உருவம். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. என் முறை வந்தபோது ஆத்திரத்தில் நாக்குக் குழறி, ‘வாழ்த்துகள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சால்வையை மட்டும் ஒழுங்காக வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தும் அந்தத் தம்பியை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் உறைத்தது. அவர் வயதில் நானும் அதே பட்டியலை மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மார்க் வாங்கியவள். அதனால் திட்டுவதை நிறுத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் என் மேல் உங்களுக்குக் கோபம் வந்தால் ரொம்பச் சந்தோஷம். எனக்கே என் மேல் இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு வீடு ராஜபாளையத்தில். வேலை, வத்திராயிருப்புப் போகிற வழியில் ஒரு சின்னக் கால்நடை மருந்தகத்தில். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். மாதத்தில் சில நாள் மடியில் திரவ நைட்ரஜன் கேனும் இருக்கும். சினை ஊசிக்கான உறைந்த விந்துக் குச்சிகளை அதில்தான் கொண்டுபோவோம். மூடி லேசாகத் திறந்தால் வெள்ளைப் புகை வரும். பஸ்ஸில் இருப்பவர்கள், “டாக்டரம்மா, பானையில என்ன கொதிக்கி?” என்று கேட்பார்கள். அந்த வட்டாரத்திலேயே அதைவிடக் குளிர்ச்சியான பொருள் கிடையாது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

நான் ஐந்தடி உயரம்கூட இல்லை. மாட்டுக்காரர்கள் வாசலில் நின்று என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, “பெரிய டாக்டர் வரலையா?” என்று கேட்பார்கள். நான்தான் பெரிய டாக்டர் என்று சொன்னால் சிரிப்பார்கள். மாட்டு வைத்தியத்துக்கு ஆம்பளைக் கை வேண்டும் என்பது அவர்கள் நினைப்பு. ஈன முடியாமல் தவிக்கிற சின்ன மாட்டுக்குள் எந்தக் கை சுலபமாக நுழையும் என்று அவர்களில் ஒருவரும் யோசித்ததில்லை. என் மேலதிகாரியும் யோசித்ததில்லை. ‘சின்னது என்றால் மட்டம்’ என்ற எண்ணம் படித்தவர், படிக்காதவர் என்று பார்த்துத் தொற்றுவதில்லை.

அந்த நாளில் எங்களுக்கு மாதாமாதம் இலக்கு உண்டு. இத்தனை மாட்டுக்குச் சினை ஊசி போட்டாக வேண்டும். மாதக் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டம். மேலதிகாரி ஒவ்வொருவரையும் எழுப்பி எத்தனை ஊசி என்று கேட்பார். எத்தனை கன்று உயிரோடு பிறந்தது என்று நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. குறைந்தால் எல்லோர் முன்னாலும் ஏச்சு. ஏச்சுக்குப் பயந்து வேலை பார்க்கிறவன் மாட்டைப் பார்க்கமாட்டான், மாதத்தேதியைத்தான் பார்ப்பான். நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்த மாதம் எனக்குக் குறைந்தது. கையில் ஜெர்சிக் குச்சி தீர்ந்துவிட்டது. ஜெர்சி நடுத்தர உடம்பு, நம் மாடுகள் ஓரளவு தாங்கும். மீதி இருந்தது ஃபிரிசியன். குளிர்நாட்டுக் கறுப்பு வெள்ளை மாடு, யானைக்குட்டி மாதிரி உடம்பு. அதைப் பெரிய மாட்டுக்கு மட்டும் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை. அப்போதுதான் என் உதவியாளர் செல்லையா வந்து, “சுந்தரபாண்டியத்துல பேச்சியம்மா கிடேரி காலையில இருந்து காளைக்குக் கத்துதாம்” என்றார். நான் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பேச்சியம்மாளுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். கணவர் ராஜபாளையத்தில் மில் வேலை, வாரத்துக்கு ஒரு நாள் வருவார். இந்த அம்மாள் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டு ஒரு கிடேரியையும் வளர்த்தார். பிறந்த வீட்டில் மலை மாட்டுக் கிடை வைத்திருந்தார்கள். அங்கிருந்து வந்த கிடேரி. செவலை நிறம், சின்னத் திமில், என் நெஞ்சு உயரம்கூட இல்லை. அது ஈன்று பால் கறந்தால் வெயிலில் களை பறிக்கப் போவதை விட்டுவிடலாம் என்று இரண்டு வருடமாகக் காத்திருந்தார். இதை அவரே என்னிடம் சொல்லியிருந்தார். அவருக்கு அந்த ஒரு கிடேரிதான் இருந்தது.

நான் கையுறையை மாட்டும்போது அவர் கிடேரியின் வாயைப் பிளந்து காட்டினார்.

“டாக்டரம்மா, இது இன்னும் பல்லு போடலையே. எங்க வீட்ல ரெண்டு பல்லு போடாம காளைகிட்ட விடமாட்டாவ. மொத தடவ கத்துனா கட்டிப்போட்டுருவாவ.”

பால்பல் விழுந்து, முன்னால் இரண்டு பெரிய பல் முளைப்பதைத்தான் அவர் சொன்னார். எனக்குப் புரிந்தது. பஸ்ஸுக்கு நேரமானதும் புரிந்தது.

“பருவத்துக்கு வந்துட்டா உடம்பு தயாராயிடுச்சுன்னுதாம்மா அர்த்தம்” என்றேன். “பல்லு, கில்லுன்னு பழைய கணக்கெல்லாம் எதுக்கு?”

“இல்ல தாயி, செத்த நாள் பொறுத்து அடுத்த பருவத்துல...”

“படிச்சது நானா நீங்களா?”

இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். நீங்கள் ஊருக்குள் போய் எந்த வார்த்தையைச் சொன்னாலும் சொல்லுங்கள், இதைச் சொல்லாதீர்கள். பேச்சியம்மாள் கிடேரியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. என் இலக்கும் முடிந்தது. கூட்டத்தில் மேலதிகாரி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பாடப்புத்தகத்தில் உள்ளதுதான், ஆனால் பரீட்சை முடிந்ததும் எல்லோரும் மறப்பது. உடம்பு எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் வளராது. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. பிறக்கும்போதே கன்றுக்குக் காலும் தலையும் பெரிதாக இருக்கும், பின்னால் உடம்பு நீளும், கடைசியாகத்தான் இடுப்பெலும்பு விரியும். கருத்தரிக்கிற பக்குவம் அதற்கு வெகு முன்பே வந்துவிடும். கருத்தரிக்க முடிகிற உடம்பும் பெற்றுப் பிழைக்க முடிகிற உடம்பும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் சில மாதங்கள் கிடக்கின்றன. எப்போது இடுப்பு விரியும் என்று மாட்டைத் திறந்து பார்க்க முடியாதே. அதனால் மலை மாட்டுக்காரர்கள் வாயைத் திறந்து பார்த்தார்கள். பல் விழுந்து முளைக்கும் காலமும் இடுப்பு அகலும் காலமும் ஏறக்குறையக் கூடவே வருகிறது என்று எத்தனை மாட்டைப் பறிகொடுத்துக் கண்டுபிடித்தார்களோ. அதைத்தான் நான் பழைய கணக்கு என்று தள்ளினேன்.

ஒன்பது மாதம் கழித்து ஒரு காலை பத்து மணிக்கு, பேச்சியம்மாளின் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து மருந்தக வாசலில் மூச்சிரைக்க நின்றார். விடியலிலிருந்து கிடேரி முக்குகிறது, கால் மட்டும் தெரிகிறது, அதற்கு மேல் வரவில்லை. நானும் செல்லையாவும் ஓடினோம்.

கொட்டகையில் கிடேரி ஒருக்களித்துக் கிடந்தது. இரண்டு முன்குளம்பு வெளியே தெரிந்தன. செல்லையா அதைப் பார்த்துவிட்டு, “யம்மா, இது கன்னுக்குட்டி காலா, எருமைக் காலா?” என்றார். விளக்கெண்ணெயைப் பூசிக்கொண்டு கையை விட்டேன். என் கைக்கே இடம் போதவில்லை. தலை நேராகத்தான் இருந்தது. காலும் சரியாகத்தான் நீண்டிருந்தது. எதுவும் திரும்பவில்லை, பின்னவில்லை. சரிப்படுத்த ஒன்றுமே இல்லை. கன்று பெரிது, வழி சின்னது, அவ்வளவுதான். நாக்கைக் கிள்ளினேன். வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. கன்று உயிரோடு இருந்தது.

அந்த நிமிடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, வயிற்றைத் திறந்து கன்றை எடுப்பது. கல்லூரியில் பேராசிரியர் பக்கத்தில் நிற்க இரண்டு தடவை செய்திருக்கிறேன், தனியாகச் செய்ததில்லை. கத்தியும் தையல் சாமானும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தன. ஜீப் அன்றைக்கு மேலதிகாரியோடு எங்கோ ஆய்வுக்குப் போயிருந்தது. ஆள் அனுப்பி பஸ்ஸில் கொண்டுவந்தால் மதியம் ஆகும். இன்னொரு வழி, கயிறு கட்டி இழுப்பது. அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்று தெரிந்தும் நான் கயிற்றைக் கேட்டேன். இழுத்தால் வந்துவிடும் என்று நான் கணிக்கவில்லை. வந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நெருக்கடியில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். எனக்கு வேறு எதையும் சொல்லித்தரத் தெரியாது. அன்றைக்கே செல்லையாவை பஸ் ஏற்றிவிட்டுக் காத்திருந்திருந்தால் மாடாவது பிழைத்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

தெருவே கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு யோசனை. ஒருவர், “டிராக்டர்ல கட்டி இழுத்தா ஒரே இழுவையில வந்துரும்லா” என்றார். நான் போட்ட சத்தத்தில் அவர் நாலடி பின்னால் போனார். மாடு முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும் என்று சொல்லி மூன்று பேரைப் பிடிக்கவைத்தேன். பேச்சியம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து கிடேரியின் கழுத்தை மடியில் வைத்திருந்தார். தலை வந்தது, தோளும் வந்தது. எல்லோரும் சத்தம் போட்டார்கள். இடுப்பில் வந்து கன்று நின்றுவிட்டது. தாயின் எலும்பு வளையத்தில் கன்றின் இடுப்பு சிக்கிக்கொண்டது. உருட்டிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், அசையவில்லை. திரும்ப நாக்கைக் கிள்ளினேன். அது அப்படியே தொங்கியது.

அதற்குப் பிறகு கம்பி ரம்பத்தால் கன்றை அறுத்துத்தான் எடுத்தேன். அதை விவரிக்கப் போவதில்லை. கறுப்பு வெள்ளைக் காளைக்கன்று. வைக்கோல்மேல் இரண்டு துண்டாகக் கிடந்தது. கூடியிருந்தவர்களில் ஒருவர், “எம்புட்டு பெரிய கன்னு, இருந்திருந்தா ராசாவால்லா இருந்திருக்கும்” என்றார். அவர் வாயில் அறையலாம் போல இருந்தது.

கிடேரி எழுந்திருக்கவில்லை. இடுப்புக்குள் ஓடுகிற நரம்பு நசுங்கியிருந்தது. பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து தவளை மாதிரி கிடந்தது. சில மாடுகள் இதிலிருந்து நாலைந்து நாளில் எழுந்துவிடும். அதற்கு அடியில் மெத்தென்று வைக்கோல் வேண்டும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும், தீனியும் தண்ணீரும் வாய்க்கே கொண்டுபோக வேண்டும். பேச்சியம்மாள் எல்லாவற்றையும் செய்தார். வேலைக்குப் போகவில்லை. நான் தினமும் போனேன். ஊசி போடுவேன், புரட்டக் கைகொடுப்பேன். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது எனக்கு ஏச்சைவிட மோசமாக இருந்தது. இரண்டாம் நாள் ஒரு தரகர் வந்து எட்டிப் பார்த்தார். எழுந்திருக்காத மாட்டை எங்கே கொண்டுபோவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பேச்சியம்மாள் விளக்குமாற்றைக் கையில் எடுத்தார், அவர் போய்விட்டார்.

மூன்றாம் நாள் மாட்டைப் புரட்டிவிட்டு இரண்டு பேரும் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தோம். மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே அவர் பேசினார்.

“என்னையும் இப்படித்தாம்மா. வயசுக்கு வந்த மறு வருசமே கட்டிக் குடுத்துட்டாவ. மொதப் புள்ள தங்கல. ரெண்டு நாள் வலி. ஆஸ்பத்திரில ஒருத்தவிய வந்து பாத்துட்டு, ‘பொண்ணு ரொம்பச் சின்னது’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. நான் சின்னதா இருந்தேன்னா, அது என் தப்பா? கட்டிக் குடுத்தது யாரு?”

நான் குனிந்துகொண்டேன். அவர் என்னைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருத்தியாகியிருந்தேன்.

ஆறாம் நாள் கிடேரி செத்துப்போனது.

இனிமேல்தான் என் கோபத்தின் முக்கியமான பகுதி வருகிறது. சினை ஊசி போட்ட மாடு செத்தால் அறிக்கை எழுத வேண்டும். அதில் இறப்புக்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. மாதக் கூட்டத்துக்கு அதை எடுத்துப் போனேன். மேலதிகாரி கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, எழுத வேண்டியதை அவரே சொன்னார்.

“தாய்ப்பசுவின் சிறிய உருவம். எழுதுங்க, கையெழுத்துப் போடுங்க, அடுத்த ஃபைலைப் பாப்போம்.”

“மாடு சின்னதில்லை சார்” என்றேன். “கன்னு பெருசு.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?”

“ஒண்ணில்லை சார்.”

கூட்டத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், “மேடம் உயரத்துக்கு அப்படித்தான் தோணும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அதுவரை அந்தக் கூட்டத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னவள் அன்றைக்கு நின்றுகொண்டு பேசினேன். எனக்கு நினைவிருக்கிறபடி பேசியதை எழுதுகிறேன். பிறகு சேர்த்துக்கொண்டதும் கொஞ்சம் இருக்கலாம்.

அந்த மாடு மலைக்காக ஆன மாடு. மேற்கே அந்த மலையில் பாறை, சரிவு, முள். மழைக்குப் பிறகு புல் இருக்கும், கோடையில் சருகுதான். உயரம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும், அதைத் தாங்கும் கால் எலும்பின் பலம் நாலு மடங்குதான் ஆகும். தோலின் பரப்பும் நாலு மடங்குதான். அப்படிப்பட்ட உடம்பு சரிவில் ஏறாது, உள்ளே சேருகிற சூட்டைத் தோல் வழியாக வெளியே தள்ளவும் முடியாது, சருகைத் தின்று வயிறும் நிறையாது. மலையில் பெரிதாகப் பிறந்த மாடுகள் பிறந்திருக்கும். அவை கோடையைத் தாண்டியிருக்காது. கன்று பெரிதாகப் போட்ட தாய்கள் கன்றோடு காட்டிலேயே கிடந்து செத்திருக்கும், அந்த வம்சம் அதோடு நின்றிருக்கும். எத்தனை தலைமுறை இப்படிக் கழிந்து கழிந்து, தாயின் இடுப்புக்கு ஏற்ற கன்று, கன்றுக்கு ஏற்ற இடுப்பு என்று ஒரு அளவு வந்து நின்றிருக்கும். யாரும் உட்கார்ந்து செய்யவில்லை. பிழைத்தது பிழைத்தது. அந்த அளவில் குறை எதுவும் இல்லை. குளிர்நாட்டில் கொழுத்த புல் தின்று வேறு அளவுக்கு ஆன ஒரு காளையை, நாம் ஒரு குச்சியில் அடைத்துக் கொண்டுவந்து, பல்கூடப் போடாத குட்டிக்குள் விட்டோம். தாயின் வயிறு கன்றின் வளர்ச்சியைக் கொஞ்சம் அடக்கும். முழுக்க அடக்காது. மாட்டைக் கொன்றுவிட்டு, மாடு சின்னது என்று மாட்டின் மேலேயே பழி எழுதச் சொல்கிறீர்களே, இது நியாயமா?

மேலதிகாரி கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கும் மேலே இலக்குக் கேட்கிறவர்கள் இருந்தார்கள். அவர் பேனாவை உருட்டிக்கொண்டே தணிந்த குரலில் கேட்டார்.

“அப்போ காரணம்னு என்ன எழுதப் போறீங்க? உங்க பேரையா?”

“ஆமா சார்.”

“யோசிச்சுச் சொல்லுங்க. மெமோ வரும்.”

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ‘வளர்ச்சி முடியாத மலை மாட்டுக் கிடேரிக்கு, பேரின ஃபிரிசியன் விந்து, இலக்கை நிறைவு செய்வதற்காக என்னால் செலுத்தப்பட்டது. இறப்புக்கு இதுவே காரணம்.’ சிரித்தவர்கள் யாரும் அப்போது சிரிக்கவில்லை. மெமோ வந்தது. பிறகு மாற்றலும் வந்தது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்ததெல்லாம் வேறு ஒன்றுக்கு. அடுத்த மாதமும் அதே கூட்டத்தில் ஒவ்வொருவரையும் எழுப்பி எத்தனை ஊசி என்றுதான் கேட்டார்கள்.

தொண்ணூறுகளில் வேறு ஊர்களில் வேலை பார்த்தேன். வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல், நெஞ்சுச் சுற்றை அளக்காமல் நான் கேன் மூடியைத் தொட்டதில்லை. இலக்குக் குறைந்த மாதங்கள் நிறைய. ஏச்சும் நிறைய. அது பழகிவிடும், நீங்களும் பழகிக்கொள்ளலாம். இன்றைக்கு உங்களிடம் பெட்டைக் கன்று மட்டும் பிறக்கும்படி பிரித்த விந்துகூட வந்துவிட்டது. கைபேசியில் மாட்டின் எடையைக் கணக்குப் போடுகிறீர்கள். எல்லாம் நல்லதுதான். மாட்டைக் கட்டியிருக்கிறவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு அதில் எதுவும் வழி இல்லை. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அறிக்கை எழுதிய மறுநாள் நடந்த ஒன்றுக்காக.

அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு சுந்தரபாண்டியத்துக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், அந்த பஸ்ஸில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. தப்பை ஒத்துக்கொண்டு, எழுதி, கையெழுத்தும் போட்டவள் நான். பேச்சியம்மாள் காலையிலேயே களை பறிக்கப் போயிருந்தார். வயலோரத்தில் காத்திருந்தேன். கால் முழுக்கச் சேறோடு வரப்பில் ஏறி வந்தார். கொட்டகை காலியாகிவிட்டது, களையெடுப்பு நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “என்னம்மா, வெயில்ல நிக்கிய?” என்றார்.

நகலை எடுத்து வாசித்துக் காட்டினேன். அவர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார். முடித்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“நீங்க செஞ்சதுன்னு எழுதியிருக்கிய. சரி. அந்த மட்டுக்கு நல்லதுதான்” என்றார். “நான் சொன்னது எங்க?”

எனக்குப் புரியவில்லை.

“பல்லு போடல, இப்ப வேண்டாம்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா. ‘படிச்சது நானா நீங்களா’ன்னு கேட்டிய. அது இதுல இருக்கா?”

இல்லை. இரண்டு தடவை வாசித்தும் அது இல்லாதது எனக்குத் தெரியவில்லை. என் தப்பை நான் எழுதியிருந்தேன், ஃபிரிசியனை எழுதியிருந்தேன், இலக்கை எழுதியிருந்தேன். சரியாகத் தெரிந்திருந்த ஒரே ஆளை விட்டுவிட்டேன். மேலதிகாரி மாட்டின் மேல் பழிபோட்டபோது அப்படிக் கொதித்தேனே, நான் செய்தது மட்டும் என்ன? தெரிந்தவரை இல்லாதவராக்கிவிட்டு, பெரிய மனுஷி மாதிரி மன்னிப்பு வாசித்துக் காட்ட வந்திருந்தேன். அந்த வரப்பில் நின்றபோது என் மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

பேனாவை எடுத்து, தாளை முழங்கால்மேல் வைத்து, அடியில் எழுதினேன். ‘கிடேரி பல் போடவில்லை, இப்போது சினை ஊசி வேண்டாம் என்று உரிமையாளர் முன்கூட்டியே கூறினார். நான் கேட்கவில்லை.’ அலுவலகத்தில் இருக்கிற தாளிலும் இதைச் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லி வாசித்துக் காட்டினேன்.

பேச்சியம்மாள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உரிமையாளர்னா அது யாரா வேணாலும் இருக்கலாம்லா. எம் பேரை எழுதுங்க.”

எழுதினேன்.